குடும்பத்தில் யாருக்காவது

ஜூன் 4, ஞாயிறு

சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்ததும் இம்மி இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கிளினிக்கைத் தன் ஜூனியர் பெண்ணிடம் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னாள். உடம்புக்கு ஏதோ என்று நினைத்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. விமானம் ஓட்டப் போகிறாளாம். பயணிகள் விமானம்.

"பொழுதுபோக்குக்கா?"

"வேலைக்கும்மா."

"உனக்கு நாப்பத்தொரு வயசு."

"தெரியும். வருஷா வருஷம் நீதானே கேக் வாங்குற."

பதினேழு வருடங்களாகப் பல் மருத்துவர். ஜி.எஸ்.டி. சாலையில் அவள் பெயர் போட்ட பித்தளைப் பலகை இருக்கிறது. டாக்டர் இமெல்டா ஞானாதிக்கம். சனிக்கிழமைதோறும் அதைத் துடைப்பது நான்தான். அங்கே வேலை செய்யும் பெண்கள் மூலைகளை விட்டுவிடுகிறார்கள்.

ஏன் என்று கேட்டேன். "ஒரு நாளைக்கு இருபது வாய் பாக்குறேன். ஒவ்வொருத்தர் ஆன்னு திறக்கும்போதும் ஜன்னல்ல ஒண்ணு இறங்குது. வாயைப் பாக்குறதா அதைப் பாக்குறதான்னு இருக்கு" என்றாள். விமான நிலையம் பக்கம் என்பதால் பரங்கிமலையில் இதுதான் தொல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் நடுங்கும்.

"பதினெட்டு வயசுலயே கேட்டேன். வேண்டாம்னுட்ட. ஏன்னு சொல்லல."

"இப்பவும் வேண்டாம்னுதான் சொல்றேன்."

"இப்ப நான் கேக்கலம்மா. சொல்றேன்."

மதியம் சமையலறை அலமாரியை முழுவதும் இறக்கித் துடைத்து மறுபடி அடுக்கினேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.


ஜூன் 7, புதன்

பாத்திரம் தேய்க்க வரும் எஸ்தருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இம்மியே சொல்லியிருக்கிறாள்.

"இன்னாம்மா, நம்ம டாக்டரம்மா ஏரோபிளேன் டிரைவராமே?"

"பைலட்னு சொல்."

"எதுவோ. மேல போற வண்டிய ஓட்டறவங்க டிரைவர்தானே. எனக்கு ஒரு சீட்டு சொல்லி வையிம்மா, ஜன்னலோரமா."

அவளைக் குக்கரை உள்பக்கம் இன்னொரு முறை தேய்க்கச் சொன்னேன்.


ஜூன் 11, ஞாயிறு

இம்மி உணவு மேசையில் மருத்துவப் பரிசோதனைக்கான படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். விமானிகளுக்கு மிகக் கடுமையான பரிசோதனையாம். தேறாவிட்டால் பயிற்சியே கிடையாது. தேறிய பிறகு ஏதாவது தெரியவந்தாலும் நிறுத்திவிடுவார்கள்.

"ம்மா, குடும்பத்துல யாருக்காவது சர்க்கரை?"

"உன் அத்தைக்கு."

"ரத்தக்கொதிப்பு?"

"எனக்கு. மாத்திரையில கட்டுப்பாட்டுல இருக்குன்னு எழுது."

"மனநோய், வலிப்பு?"

"இல்லை."

பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "யோசிச்சுச் சொல்லும்மா."

"இல்லைன்னா இல்லை. கையெழுத்தைத் திருத்தமா எழுது. மருந்துச் சீட்டுல கிறுக்குற மாதிரி கிறுக்காதே."

எங்கள் கான்வென்டில் மதர் யூஜின் தினமும் ஐந்து வரி எழுதவைப்பார். அன்று செய்தது, செய்யாமல் விட்டது. அந்தப் பழக்கம்தான் இது. பள்ளியில் ஆங்கிலத்தில் எழுதினோம். திருமணத்துக்குப் பிறகு தமிழுக்கு மாறினேன். ஆங்கிலத்தில் எழுதினால் எப்போதும் நான் நல்லவளாகவே தெரிந்தேன்.

இன்று செய்தது: பீன்ஸ் பொரியல். செய்யாமல் விட்டது பற்றி எழுத ஒன்றுமில்லை.


ஜூன் 13, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. எடை சரிபார்த்தேன்.


ஜூலை 20, வியாழன்

பரிசோதனையில் தேறிவிட்டாள். கண், காது, இதயம், ரத்தம், எல்லாம். இனிப்பு வாங்கி வந்தாள். ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். "சந்தோஷமா இருக்கியா?" என்று கேட்டாள். இருப்பதாகச் சொன்னேன்.

எஸ்தர் இரண்டு துண்டு தின்றுவிட்டு, "உனுக்கு எந்த மாப்ளையும் புடிக்கல. இப்ப பாரு, பொண்ணு ஆகாசத்தயே கட்டிக்கினு பூடுது" என்றாள். அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் இந்தத் தெருவே அப்படித்தான் பேசுகிறது என்று எனக்குத் தெரியும். திருச்சி வரன், கோயம்புத்தூர் வரன், ரயில்வே இன்ஜினியர், எல்லாரிடமும் நான் குறை கண்டேன். ஒருவன் தேநீரைச் சாஸரில் ஊற்றிக் குடித்தான் என்று மறுத்தேன். அது போதுமான காரணமா என்று அவர் கேட்டார். அவர் என்று நான் எழுதுவது என் கணவரை. அவர் போய் ஆறு வருடம் ஆகிறது.


ஆகஸ்ட் 9, புதன்

வானிலை, திசை கண்டு ஓட்டுவது, விதிமுறைகள் என்று மூன்று பரீட்சைகள். மேசை முழுக்கப் புத்தகங்கள். அவள் வெளியே போயிருந்தபோது ஒன்றைத் திறந்தேன். விமானியின் உடல்நலம் பற்றி ஒரு அதிகாரம் இருந்தது. நினைவு தப்புவது ஒரு விநாடியாக இருந்தாலும் என்ன ஆகும் என்று ஒரு பத்தி. ஒரே பத்திதான். அதை நான்கு முறை வாசித்தேன். புத்தகத்தை இருந்த கோணத்திலேயே வைத்துவிட்டு மாடிக்குப் போய், இறங்கி, மறுபடி போனேன். காயப்போட்ட துணி எதுவும் மாடியில் இல்லை.


ஆகஸ்ட் 27, ஞாயிறு

இன்று எனக்கு அமைதியே இல்லை. பூசையில் பிரசங்கம் ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. கதவுகளின் கீல்களுக்கு எண்ணெய் போட்டேன். மூன்று கதவுகள் முன்னமே சத்தமில்லாமல்தான் திறந்தன.


செப்டம்பர் 3, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராகவே எழுதுகிறேன். நாற்பத்தாறு வருட நாட்குறிப்புகளில் அவரைப் பற்றி ஒரு இடத்தில்கூட நான் எழுதாத சொல் அது. அவருக்கு வலிப்பு நோய் இருந்தது.

திருமணமான ஒன்பதாம் நாள் எனக்குத் தெரிந்தது. அவர் கூடத்தில் விழுந்து துடித்தார். மாமியார் ஓடிவந்து என் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி அவர் கையில் திணித்து, "பயப்படாத, இரும்பு பட்டா தெளிஞ்சிடும்" என்றார். பெண் பார்க்க வந்தபோது ஒருவரும் சொல்லவில்லை. அப்பாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். கான்வென்டில் படித்து, சீர்வரிசையோடு, நானூறு பேர் முன்னால் திருமணமானவள் பத்தாம் நாள் திரும்பி வந்தாள் என்று பேச இடம் கொடுக்க நான் தயாராக இல்லை. அன்றிலிருந்து நான் பெரிய சாவிக்கொத்தாக வைத்துக்கொண்டேன். என்ன கெடுபிடியான குடும்பத்தலைவி என்று பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தேன். மாத்திரைகளைப் பி காம்ப்ளக்ஸ் புட்டியில் மாற்றி வைப்பேன். அவருடைய டெலிபோன் இலாகாவுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. குளியலறையில் அவர் இறந்ததுகூட வழுக்கி விழுந்ததால் என்றுதான் ஊருக்குத் தெரியும்.

இதையெல்லாம் இன்று மாலை இம்மியிடம் சொன்னேன். உட்கார்ந்து சொல்ல முடியவில்லை. நின்றுகொண்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். படிவத்தில் நான் சொன்ன பொய்யைத் திருத்திவிடு என்றேன்.

அவள் புத்தகத்தை மூடினாள். "ம்மா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"காலேஜ் மூணாவது வருஷம் ஈறு நோய் படிச்சோம். அந்த மாத்திரை வருஷக்கணக்கா சாப்பிட்டா ஈறு தடிச்சுப் பல்லை மூடிடும். புஸ்தகத்துல படம் போட்டிருந்தான். பாத்தா, நம்ம அப்பா வாய். அன்னிக்கு சாயங்காலமே வந்து அப்பாகிட்ட கேட்டுட்டேன்."

"உங்கப்பா சொன்னாரா?"

"சொன்னார். 'உங்கம்மாகிட்ட தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத. அவ இதை இருபத்தஞ்சு வருஷமா கட்டிக் காப்பாத்துறா, ஆட்டத்தைக் கெடுத்துடாத'ன்னார். ரெண்டு பேரும் சிரிச்சோம்." பிறகு தணிந்த குரலில் சொன்னாள். "படிவத்துல அப்பவே எழுதிட்டேம்மா. டாக்டர் ரெண்டு கேள்வி கேட்டார். அப்பாவுக்கு இருந்ததுதானே, உங்களுக்கு எதுவும் வந்ததில்லையேன்னார். இல்லைன்னேன். முடிஞ்சுபோச்சு. நீ சொல்றியா பாப்போம்னுதான் உன்கிட்ட கேட்டேன்."

என் முதுகுக்குப் பின்னால் பதினைந்து வருடம் அப்பாவும் பெண்ணும் சிரித்திருக்கிறார்கள். கோபம் வரவேண்டும். வரவில்லை. அவள் எழுந்து வந்து என் கையை நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டாள்.

"இவ்ளோதானேம்மா? வேற ஒண்ணும் இல்லையே?" என்றாள், சிரித்துக்கொண்டு.

"வேற ஒண்ணும் இல்லை" என்றேன்.


செப்டம்பர் 4, திங்கள்

தலை பாரம் இறங்கியது போல் இருக்கவேண்டும். இல்லை.


செப்டம்பர் 12, செவ்வாய்

மூன்று பரீட்சைகளிலும் தேறிவிட்டாள். திசை காண்பதில் தொண்ணூற்றிரண்டு. மீதி எட்டு எங்கே போயிற்று என்று கேட்டேன். "வழி தெரியாமப் போயிடுச்சு" என்றாள்.


அக்டோபர் 16, திங்கள்

இன்று மகாராஷ்டிரத்திலிருக்கும் பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்பினாள். ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். இருநூறு மணி நேரம் பறக்கவேண்டும். ரயில் நிலையத்துக்கு நான் போகவில்லை. முழங்காலைக் காரணம் சொன்னேன்.

பித்தளைப் பலகையை ஜூனியர் பெண் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். காகிதத்தில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.


நவம்பர் 8, புதன்

தினமும் மாலை ஆறரைக்கு அழைக்கிறாள். கூடப் படிப்பவர்கள் எல்லாம் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகள். முதல் வாரம் ஆன்ட்டி என்று கூப்பிட்டார்களாம். ஒருவனுக்கு ஞானப்பல் வலி வந்து, இவள் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்த பிறகு டாக்டர் என்கிறார்கள். சின்ன விமானம், இரண்டே இருக்கைகள், பக்கத்தில் ஆசிரியர். மேலே போனதும் காற்றில் மாட்டுவண்டி போல ஆடுமாம். இவ்வளவு பேசுகிற பெண்ணை நான் பார்த்ததில்லை. நாற்பத்தொரு வருடம் என்னோடு இருந்தவள்.

ஆசிரியர் பக்கத்தில் இருக்கும் வரை பரவாயில்லை என்று நினைத்துக்கொள்கிறேன்.


நவம்பர் 21, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. பழைய டைரிகள் இருக்கும் டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கினேன். எஸ்தர், "எதுக்கும்மா இந்தக் கனம் கனக்கற பொட்டி, இடுப்ப புடிச்சுக்கினா யாரு பாக்கறது?" என்றாள். தூசி தட்ட என்றேன்.

அவருக்கு ஒவ்வொரு முறை வந்தபோதும் அந்த நாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிலுவைக் குறி போடுவேன். சொல்லாக எழுதியதில்லை, குறி மட்டும். எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு.

1990 டைரியில் மே மாதம், இம்மி முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்கிய நாளில், ஒரு குறி இருக்கிறது. அது அவருடையது அல்ல. பக்கத்தில் "புதுநன்மை இனிதே நிறைவேறியது. இம்மிக்குச் சற்றே களைப்பு" என்று எழுதியிருக்கிறேன். அழகான கையெழுத்து.


நவம்பர் 29, புதன்

ஆறரைக்கு அழைத்தாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

"ம்மா, நாளைக்குக் காலைல சோலோ."

"அப்படின்னா?"

"பக்கத்துல ஆசிரியர் கிடையாது. நான் மட்டும். ஒரு சுத்து சுத்தி இறக்கணும். பத்து நிமிஷம்."

"யாருமே இல்லாமலா?"

"யாருமே இல்லாம. அதான்ம்மா விஷயமே."

பின்னால் பிள்ளைகள் ஆரவாரம் செய்யும் சத்தம் கேட்டது. சொல்லவேண்டியது வாய்வரை வந்தது. "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். சப்பாத்தியும் ஏதோ பருப்பும் என்றாள். வைத்துவிட்டாள்.

மறுபடி அழைக்கலாம். ஆறே முக்காலுக்குப் போனைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். ஏழுக்கும் எடுத்தேன், வைத்தேன்.


நவம்பர் 30, வியாழன்

காலை ஏழு மணிக்கு அழைத்தேன். பறக்கும் நாட்களில் கைபேசியை அலுவலகத்தில் கொடுத்துவிடவேண்டுமாம், அணைத்து வைத்திருந்தது. பள்ளியின் எண்ணுக்கு அழைத்தேன். தலைமை ஆசிரியர் எடுத்தார். விமானப்படையில் இருந்தவர், மரியாதையான குரல். இமெல்டா என்னோடு பேசாமல் அவளைத் தனியாக மேலே அனுப்பக் கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என்ன காரணம் என்று கேட்டார். குடும்ப விஷயம் என்றேன். "மேடம், அவள் இப்போது விமானத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கிறாள்" என்றார்.

எனவே அவரிடம் சொன்னேன். முகம் தெரியாத ஒரு மனிதரிடம். எட்டு வயதில் என் மகளுக்கு வலிப்பு வந்தது, ஒரு முறை, நான் ஒருத்தி மட்டுமே பார்த்தேன், அவளுக்கே தெரியாது என்று. இலக்கணப் பிழை இல்லாமல் சொன்னேன்.

இருபது நிமிடம் கழித்து அவள் அழைத்தாள்.

"எனக்கா?"

"உன் புதுநன்மை அன்னிக்கு. பூசையில."

"எனக்கு ஞாபகம் இருக்கு. கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. களைப்புன்னு சொன்ன."

"ஆமா. சொன்னேன்."

பின்னால் விமானத்தின் இரைச்சல் கேட்டது. வேறு யாரோ போகிறார்கள் போலும்.

"நேத்து சாயங்காலம் பேசினேனே, அப்ப சொல்லலாம்ல? செப்டம்பர்ல நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, அப்ப? வேற ஒண்ணும் இல்லையேன்னு கேட்டேன்ல?"

"கேட்ட."

"என்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி அந்த ஆள்கிட்ட சொல்லியிருக்க. அத்தனை பிள்ளைங்க முன்னாடி என்னை விமானத்துப் பக்கத்துலேர்ந்து திருப்பிக் கூட்டிட்டு வந்தாங்கம்மா. ஸ்கூல் பிள்ளையைக் கூட்டிட்டு வர மாதிரி."

வைத்துவிட்டாள். ஆறரைக்கு அழைக்கவில்லை.


டிசம்பர் 3, ஞாயிறு

வந்துவிட்டாள். மருத்துவ வாரியத்துக்குத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறாள். மூளை நரம்பு மருத்துவரின் அறிக்கை வரும்வரை பறக்கத் தடை. வலிப்புதான் என்று அறிக்கை வந்தால் அத்தோடு முடிந்தது.

"எழுதாமயே வுட்டிருக்கலாமே" என்று எஸ்தர் சொன்னாள். "மேல இருநூறு பேரை வெச்சுக்கிட்டா, எஸ்தர்?" என்று இம்மி கேட்டாள். எஸ்தர் தேய்த்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். என்னைப் பார்த்தாள். நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் இம்மி கூடத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், ஒவ்வொன்றாகச் சொன்னாள். கேள்வி மாதிரிதான் சொன்னாள். ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"சைக்கிள் கூடாதுன்னது இதுக்குத்தானா? நீச்சல்? எட்டாவதுல கொடைக்கானல் சுற்றுலா? ஹாஸ்டல் வேண்டாம், வீட்லேர்ந்தே போற மாதிரி படின்னது? பதினெட்டு வயசுல ஃப்ளையிங் கிளப் விண்ணப்பத்தை நீ கிழிச்சது?"

"கிழிக்கலை. உள்ள வெச்சுப் பூட்டினேன்."

"அந்தக் கோயம்புத்தூர்க்காரர்? நல்லவர்மா அவர்."

"சொல்லாம கட்டிக் கொடுக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். அதை நான் ஒருத்தருக்குச் செய்யமாட்டேன்."

"சொல்லிட்டுக் கட்டிக் கொடுத்திருக்கலாமேம்மா."

அப்படி ஒரு வழி இருந்தது. முப்பத்துமூன்று வருடத்தில் அது எனக்குத் தோன்றவில்லை என்று எழுதினால் மதர் யூஜின் நம்பமாட்டார். தோன்றியது.


டிசம்பர் 14, வியாழன்

இன்றையதை முழுவதும் எழுதவேண்டும்.

ஸ்கேனும் மூளை மின்பதிவும் நேற்றே எடுத்துவிட்டார்கள். இரண்டும் சுத்தம். ஆனால் அது போதாதாம். முப்பத்துமூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது என்ன என்று தெரியவேண்டும். பார்த்தவர் வரவேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். பார்த்தவள் நான். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் யாமினிக்கு இம்மி வயதுதான் இருக்கும். மேசையில் தேநீர்க் கறை. என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒண்ணும் விடாம சொல்லுங்கம்மா. உங்களுக்கு முக்கியமில்லைன்னு தோணறதும் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். மே மாதம், காலை எட்டரை மணிப் பூசை, மின்விசிறி நின்றுவிட்டது. புதுநன்மை வாங்கும் பிள்ளைகள் நற்கருணைக்காக வெறும் வயிற்றில் இருக்கவேண்டும் என்று நான் அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தண்ணீர் குடிக்கலாம் என்றுதான் சாமியார் சொன்னார். எனக்கு அது சலுகையாகப் பட்டது. மற்றவர்கள் உட்கார்ந்து பிரசங்கம் கேட்க, நாங்கள் அரை மணி நேரம் முழங்காலில் இருந்துவிட்டு எழுந்தோம். அவள் "ம்மா, கண்ணு இருட்டுது" என்றாள். முகம் வெளுத்தது. உதட்டுக்கு மேல் வேர்த்திருந்தது. கால் மடிந்தது. பிறகு கண் மேலே செருகிக் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"உங்க கணவருக்கு வரும்போது முகம் வெளுக்குமா?"

"இல்லை. நீலம் பாயும். முன்னால ஒரு சத்தம் போடுவார். வாயில நுரை. முடிஞ்சதும் ரெண்டு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவார். எழுந்தா என்ன கிழமைன்னு தெரியாது."

"பொண்ணு எவ்ளோ நேரம் தூங்கினா?"

"தூங்கலை. உக்காந்ததும் சரியாயிட்டா. 'முக்காடு நழுவிடுச்சா'ன்னு கேட்டா. இருபது நிமிஷத்துல நடந்து போய் நன்மை வாங்கினா."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "கால் மடிஞ்சதும் கீழ படுக்க வெச்சீங்களா?"

"இல்லை. பிடிச்சுக்கிட்டேன்."

"எப்படிப் பிடிச்சீங்க?"

எழுந்து நின்று காட்டினேன். அக்குளில் இரண்டு கையையும் கொடுத்து, முன்பெஞ்சுக்கும் என் உடம்புக்கும் நடுவில் நிமிர்த்தி, நேராக.

"நிக்க வெச்சபடியேவா? எவ்ளோ நேரம்?"

"விசுவாசப் பிரமாண ஜெபம் முடியும்வரை. எல்லாரும் பீடத்தைப் பாத்து நின்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க. நானும் சொன்னேன்."

"அது ஒரு நிமிஷத்துக்கு மேல வரும் டாக்டர்" என்றாள் இம்மி.

மருத்துவர் பேனாவை மூடிவிட்டு நிதானமாகச் சொன்னார். வெறும் வயிறு, புழுக்கம், முழங்காலில் இருந்து சட்டென்று எழுந்தது. அது மயக்கம். மயங்கியவரைப் படுக்க வைத்தால் ரத்தம் தலைக்குப் போய்விடும், சில விநாடிகளில் கண் திறப்பார்கள். நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் ரத்தம் ஏறாது. அப்போது கை கால் இழுக்கும். பார்க்க வலிப்பு மாதிரியே இருக்கும். "இத்தனை வருஷம் கழிச்சு சத்தியம் பண்ண முடியாது. ஆனா இவ்ளோ துல்லியமா சொல்ற சாட்சி எனக்கு இதுவரைக்கும் கிடைச்சதில்ல. நீங்க சொன்ன ஒவ்வொண்ணும் மயக்கத்தோட பொருந்துது. வலிப்போட ஒண்ணும் பொருந்தல. அறிக்கையில அப்படித்தான் எழுதுவேன்."

"அப்போ அந்த இழுப்பு?" என்று கேட்டேன்.

அவர் இம்மியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க பிடிச்சிருந்ததாலதாம்மா."

ஆட்டோவில் திரும்பினோம். கத்திப்பாராவில் நெரிசல்.


டிசம்பர் 15, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை.


டிசம்பர் 25, திங்கள்

கேக் வாங்கினேன். சாப்பிட்டாள். நன்றி என்றாள். கோபமாகப் பேசினால் பரவாயில்லை. மரியாதையாகப் பேசுகிறாள்.


ஜனவரி 18, வியாழன்

தபால்காரருக்காகத் தினமும் பதினொன்றுக்கே கேட் பக்கம் போய்விடுகிறேன். வாரியத்தின் பதில் மின்னஞ்சலில்தான் வருமாம். அது தெரிந்த பிறகும் போகிறேன்.


பிப்ரவரி 22, வியாழன்

நேற்று மாலை பதில் வந்தது. தகுதியானவர். தடை நீக்கப்பட்டது.

இன்று மதிய ரயில். அவள் அறையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். வெள்ளைச் சட்டைகளை நான் மடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். அதன்பிறகு, மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ம்மா, அன்னிக்கு என்னைக் கீழ படுக்க வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

யோசித்துத்தான் சொன்னேன். "நாலு பேர் பாத்திருப்பாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

கடைசிச் சட்டையைப் பெட்டியில் வைத்தாள். பெட்டி மூடவில்லை. "இந்தப் பக்கம் அமுக்கிப் பிடி" என்றாள். பிடித்தேன். மூடினாள்.

டாக்ஸி வந்தது. வாசல்வரை போனேன். முழங்காலைக் காரணம் சொல்லவில்லை. தெருவில் எதிர்வீட்டு மிஸஸ் செல்வராணியும் அவர் மருமகளும் நின்றிருந்தார்கள். எஸ்தர் துடைப்பத்தோடு வந்து நின்றாள். இஸ்திரி போடுகிறவர் வண்டியை நிறுத்தினார். டாக்ஸி முனை திரும்பும்வரை பார்த்தேன்.

பிறகு நடுத்தெருவில் நின்று அழுதேன். சத்தமாக. கால் தளர்ந்தது. எஸ்தர் ஓடிவந்து தோளைப் பிடித்து நிமிர்த்தப் பார்த்தாள். விட்டுவிடு என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்தேன். எல்லாரும் பார்த்தார்கள்.